கிளப் மைதானமும் வாலபீஸ் சட்டையும்: வாசகர் கேள்வி – பதில்

2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிரிட்டிஷ் தீவுகளின் நான்கு நாடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி ஆஸ்திரேலியாவில் மூன்று டெஸ்ட் (தேசிய அணி ஆடும் சர்வதேச) ஆட்டங்களை ஆடி, 2–1 என்று தொடரை வென்று திரும்பியது. அதையடுத்து ரக்பி பற்றி நமக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ஊர்க் கிளப்பில் ஆடுகிறவனுக்கும் வாலபீஸ் எனப்படும் தேசிய அணிக்கும் நடுவே என்ன வழி இருக்கிறது என்பதையே சுற்றிவந்தன. ஆகவே மற்ற விளையாட்டுகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கே: மெல்போர்னில் நடந்த இரண்டாவது டெஸ்டை 90,000 பேர் நேரில் பார்த்தார்கள். அப்படியிருக்க, ஆஸ்திரேலிய ரக்பி நலிந்துவிட்டது, கிளப்புக்கும் தேசிய அணிக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று ஏன் எழுதுகிறார்கள்? அங்கே கிளப் என்பது ஐரோப்பியக் கால்பந்து கிளப் போன்றதா? – வாசகர், சென்னை

ப: அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இருந்தவர்கள் 90,307 பேர், அவர்களில் பெருந்தொகையினர் லயன்ஸைப் பின்தொடர்ந்து கடல் கடந்து வந்த சிவப்புச் சட்டைக்காரர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிற திருவிழாக் கூட்டத்தை வைத்து ஊரின் நிலைமையைக் கணிக்க முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஐரோப்பியக் கால்பந்து கிளப் என்பது பெரும்பாலும் முதலாளி, சம்பளம், ஆட்டக்காரரை விலைக்கு வாங்குதல் என்று நடக்கும் வணிக நிறுவனம். சிட்னி ரக்பி கிளப்போ உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். 1863-இல் தொடங்கிய சிட்னிப் பல்கலைக்கழகக் கிளப் இன்றும் ஆடுகிறது. ராண்ட்விக், மேன்லி, ஈஸ்ட்வுட், கார்டன், வாரிங்கா போன்றவை அந்தந்தப் பகுதியின் பெயரையே தாங்கியவை. இவை ஆடும் முதல்தரப் போட்டிக்கு ஷூட் ஷீல்டு என்று பெயர். 1922-இல் மேன்லி ஓவலில் நடந்த ஓர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ராபர்ட் ஷூட் என்ற பல்கலைக்கழக மாணவரின் நினைவாக 1923 முதல் அந்தக் கேடயம் வழங்கப்படுகிறது. பிரிஸ்பேனில் இதற்கு இணையானது ஹாஸ்பிடல் கப். பிரதர்ஸ், சவுத்ஸ், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் போன்றவை அதில் ஆடுகின்றன.

சனிக்கிழமை ஒரு ஷூட் ஷீல்டு மைதானத்தில் இருப்பவருக்கு இந்த அமைப்பு விளக்கமில்லாமலே புரிந்துவிடும். காலையில் நான்காம் தர அணி ஆடும். அதன் பிறகு மூன்றாம் தரம், இரண்டாம் தரம், பிற்பகல் மூன்று மணிவாக்கில் முதல் தரம். இருபது வயதுக்கு உட்பட்ட கோல்ட்ஸ் அணிகளும் அதே நாளில், அதே எதிரிக் கிளப்போடு மோதும். இரண்டாம் தரத்தில் முழு ஆட்டம் ஆடி முடித்தவரே சேறு காயுமுன் முதல் தரத்தின் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்காருவதும் உண்டு. ஓரத்தில் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்பவர் பழைய ஆட்டக்காரராக இருப்பார். எல்லைக் கோட்டில் கொடி பிடிப்பவர் யாரோ ஒருவனின் தந்தையாக இருப்பார். எல்லாத் தரங்களின் புள்ளிகளையும் கூட்டிக் கிளப் சாம்பியன்ஷிப் என்று தனியாக ஒரு பட்டமும் தருகிறார்கள். நான்காம் தரத்தின் வெற்றிக்கும் அதில் கணக்கு உண்டு.

இதற்குக் கீழே, சிட்னியில் 'சப்பீஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் புறநகர்க் கிளப்புகளின் பல பிரிவுகள் இருக்கின்றன. கென்ட்வெல் கப் அவற்றின் உச்சம். நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் பாத்தர்ஸ்ட், ஆரஞ்ச், டப்போ போன்ற ஊர்கள் தங்களுக்குள் ஆடும் புளோஸ் கப் போன்ற நாட்டுப்புறப் போட்டிகளும் உண்டு. மேலே இருப்பவை நான்கே தொழில்முறை அணிகள்: வாராடாஸ் (சிட்னி), ரெட்ஸ் (பிரிஸ்பேன்), பிரம்பீஸ் (கான்பெர்ரா), வெஸ்டர்ன் ஃபோர்ஸ் (பெர்த்). அவற்றுக்கு மேலே வாலபீஸ். அறுந்துவிட்டது என்று சொல்லப்படுவது அந்த முதல்தரச் சனிக்கிழமைக்கும் இந்த நான்கு அணிகளுக்கும் இடையிலான இணைப்பு.

கே: இலங்கையில் பள்ளி ரக்பிக்கும் கிளப் லீக்குக்கும் கூடுகிற கூட்டம் தேசிய அணிக்குக் கூடுவதில்லை, ஆனால் தேசிய அணிக்குப் போகிற வழி கிளப்தான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆஸ்திரேலியாவிலும் அப்படி ஒரு காலம் இருந்ததா? – வாசகர், கண்டி

ப: இருந்தது. அதுவே அவர்களுடைய பொற்காலமாகவும் இருந்தது.

1989-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் ஈடன் பார்க்கில் ஆடவிருந்த டெஸ்டுக்குப் பயிற்சியாளர் பாப் டுவையர் அணியை அறிவித்தபோது, முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் இடத்துக்கு ஃபில் கேர்ன்ஸ் என்ற இளைஞரின் பெயர் இருந்தது. அப்போது கேர்ன்ஸ் ராண்ட்விக் கிளப்பின் இரண்டாம் தர அணியில் ஆடிக்கொண்டிருந்தார். முதல் தரத்தில் அதே இடத்தைப் பிடித்து வைத்திருந்தவர் பிற்காலத்தில் தேசியப் பயிற்சியாளரான எடி ஜோன்ஸ். கிளப்பில் இரண்டாமவராக இருந்தவர் நாட்டுக்கு முதல்வரானார். அதே டெஸ்டில் கார்டன் கிளப்பைச் சேர்ந்த டோனி டேலியும், பிரிஸ்பேன் சவுத்ஸ் கிளப்பின் 19 வயது டிம் ஹோரனும் முதன்முறையாக வாலபீஸ் சட்டையை அணிந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1991 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 12–6 என்று வென்றபோது மூவரும் களத்தில் இருந்தார்கள். அந்த ஆட்டத்தின் ஒரே ட்ரையை (எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) வைத்தவர் டேலி.

டுவையர் அந்த மூவரையும் எப்படிக் கண்டெடுத்தார்? சனிக்கிழமைதோறும் கிளப் மைதானத்தில் நின்றதால்தான். அவரே ராண்ட்விக்கில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகிக் கோப்பைகள் வென்றவர். ஆட்டக்காரர்கள் மட்டுமல்லாமல் ஆட்டமுறையும் கிளப்பிலிருந்தே மேலே போயிற்று. 1920-களில் வாராடாஸுக்காக ஆடிய சிரில் டவர்ஸ், பின்வரிசையினர் எதிரிக்கு மிக அருகில் தட்டையாக நின்று பந்தைக் கைமாற்றும் முறையை ராண்ட்விக்கில் பல பத்தாண்டுகள் வலியுறுத்திவந்தார். அதை டுவையர் ஏற்றார். மட்ராவில் அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்த எல்லா சகோதரர்கள் மார்க், கிளென், கேரி ஆகிய மூவரும் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1984-இல் வாலபீஸ் பிரிட்டிஷ் தீவுகளின் நான்கு நாடுகளையும் வென்றபோது, மார்க் எல்லா நான்கு டெஸ்டிலும் ட்ரை வைத்தார். அந்தச் சுற்றுப்பயணத்தின் பயிற்சியாளர் ஆலன் ஜோன்ஸ் முந்தைய ஆண்டுதான் மேன்லி கிளப்புக்கு சிட்னிக் கோப்பையை வென்று தந்திருந்தார். 1999 உலகக் கோப்பையை வென்ற ராட் மக்குவீனும் வாரிங்கா கிளப்பில் ஆடி, அங்கே பயிற்சியளித்து மேலே வந்தவரே.

1988-இல் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி, உலகச் சாம்பியன் என்ற பட்டத்தோடு கூஜி ஓவலுக்கு வந்து ராண்ட்விக்கோடு ஆடியது. கடற்கரையை ஒட்டிய, பந்து தப்பினால் தெருவில் போய் விழுகிற சிறிய மைதானம் அது. 25–9 என்று ஆல் பிளாக்ஸ் வென்றார்கள். ஓர் ஊர்க் கிளப்புக்கு உலகச் சாம்பியனோடு அப்படி ஓர் ஆட்டம் கிடைத்ததும், அதில் அவமானப்படாமல் ஆடி முடித்ததும் இன்றைக்குக் கற்பனைக்கும் எட்டாதவை.

கே: அப்படியானால் இணைப்பு எப்போது, யாரால் அறுந்தது? – வாசகி, திருச்சி

ப: யாரும் திட்டமிட்டு அறுக்கவில்லை. 1995 ஆகஸ்டில் உலக ரக்பி அமைப்பு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று அறிவித்தது. அதற்குச் சற்று முன்பே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனத்தோடு பத்தாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தம் செய்திருந்தன. அதன் மதிப்பு சுமார் 55 கோடி அமெரிக்க டாலர். 1996-இல் மூன்று நாடுகளின் தொழில்முறை அணிகள் மோதும் சூப்பர் 12 (இன்றைய சூப்பர் ரக்பி) தொடங்கியது. சம்பளம் தருகிறவரே ஆட்டக்காரரின் சனிக்கிழமையையும் தீர்மானிப்பார் என்பது இயல்பு.

நாட்காட்டியைப் பார்த்தால் போதும். சூப்பர் ரக்பி பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ஜூலை முதல் நவம்பர் வரை டெஸ்ட் ஆட்டங்கள். கிளப் பருவமோ மார்ச் இறுதி அல்லது ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் முடிகிறது. ஆகவே ஒரு வாலபீஸ் ஆட்டக்காரர் தன் கிளப் சட்டையைப் போடுவது, காயத்திலிருந்து மீண்டு உடலைச் சோதித்துப் பார்க்கும்போதோ, மேலணியில் இடம் கிடைக்காதபோதோதான். 1980-களில் பதினெட்டு வயதுப் பையன் சனிக்கிழமை பிற்பகலில் வாலபீஸ் ஆட்டக்காரரான சைமன் பொய்ட்வினைத் தடுத்து விழுத்த வேண்டியிருந்தது. அல்லது இன்னொரு வாலபீஸ் ஆட்டக்காரரான டேவிட் கம்பீசியின் பின்னால் ஓடித் தோற்க வேண்டியிருந்தது. அந்த ஆட்டங்களில் கிடைத்த கல்விக்கு இணையாக எந்தப் பயிற்சிக் கூடமும் கற்றுத் தராது என்பது என் கருத்து.

பார்வையாளரும் இதோடு விலகினார்கள். அரசுத் தொலைக்காட்சியான ஏபிசி பல பத்தாண்டுகளாகச் சனிக்கிழமை பிற்பகலில் ஒரு கிளப் ஆட்டத்தை இலவசமாகக் காட்டிவந்தது. 2014-ஆம் ஆண்டோடு அது நின்றது. கிளப்புகளின் நலனில் அக்கறை கொண்ட சிலர் தாங்களே முயன்று அடுத்த ஆண்டே வேறொரு அலைவரிசையில் ஒளிபரப்பைத் தொடரச் செய்தார்கள். 2017-இல் வாரிங்காவும் நார்த்தர்ன் சபர்ப்ஸும் மோதிய இறுதியாட்டத்துக்கு நார்த் சிட்னி ஓவல் நிரம்பி வழிந்தது. அதே காலத்தில் வாராடாஸ் பெரிய அரங்கில் காலி இருக்கைகளின் முன் ஆடிக்கொண்டிருந்தது. ரசிகர் ரக்பியை விட்டுப் போகவில்லை, மேல்மட்ட ரக்பியை விட்டு மட்டும் போயிருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2021 முதல் ஷூட் ஷீல்டும் ஹாஸ்பிடல் கப்பும் டெஸ்ட் ஆட்டங்களைக் காட்டும் அதே ஸ்டான் என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தில் வருகின்றன. கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டுமே என்றாலும், உச்சமும் அடியும் ஒரே திரையில் வருவது நல்ல மாற்றம்.

கே: இடையில் ஒரு படியைக் கட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே? நியூசிலாந்தில் அப்படித்தானே செய்கிறார்கள்? – வாசகர், கோயம்புத்தூர்

ப: கட்டிப் பார்த்தார்கள், ஒரு முறைக்கு மேல் கட்டிப் பார்த்தார்கள். 2003 உலகக் கோப்பையை நடத்தியதில் ஆஸ்திரேலிய ரக்பிக்குக் கோடிக்கணக்கான டாலர் உபரி கிடைத்தது. அந்தப் பின்னணியில் 2007-இல் எட்டு அணிகளோடு ஆஸ்திரேலியன் ரக்பி சாம்பியன்ஷிப் தொடங்கியது. ஒரே பருவத்தில் சுமார் 47 லட்சம் டாலர் நட்டம் என்று கணக்கு வந்ததும் இழுத்து மூடிவிட்டார்கள். 2014-இல் நேஷனல் ரக்பி சாம்பியன்ஷிப் என்று மறுபடி ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் இரண்டு ஆண்டும் பிரிஸ்பேன் சிட்டி வென்றது. 2018-இல் விருந்தாளியாக வந்த ஃபிஜியன் ட்ருவா வென்றது. 2019-க்குப் பிறகு அதுவும் நின்றது. வழக்கத்துக்குத் தலைகீழாக, ட்ரையின் பிறகான உதைக்கு மூன்று புள்ளி, பெனால்டிக்கு இரண்டு என்று புள்ளிமுறையைக்கூடத் தொடக்கத்தில் மாற்றிப் பார்த்தார்கள். ஆட்டம் வேகமாக இருந்தது, பார்க்க ஆளில்லை.

இரண்டும் தோற்றதற்கு எல்லோரும் பணத்தையே காரணமாகச் சொல்வார்கள். நான் பெயரைச் சொல்வேன். நியூசிலாந்தின் மாகாணப் போட்டியில் ஆடும் கான்டர்பரி, ஒட்டாகோ, தாரநாக்கி ஆகியவை நூறாண்டுக்கு மேலாக அந்தந்த மண்ணின் பெயரால் ஆடுபவை. தந்தை எந்த அணியைத் திட்டினாரோ அதையே மகனும் திட்டுவான். ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு. கிளப் பருவம் முடியும்வரை ஒருவரையொருவர் மண்ணில் புரட்டிய சிட்னிக் கிளப்புகளைச் சேர்த்துக் கட்டி, முந்தாநாள் வரைந்த சின்னத்தோடு ஒரு சட்டையைக் கொடுத்து, இனி இதற்குக் கைதட்டுங்கள் என்றார்கள். ஈஸ்ட்வுட் ரசிகர் எதற்காகக் கைதட்டுவார்? ஆட்டக்காரர்களுக்கு அந்தப் போட்டி பயன்பட்டது என்பதை மறுக்கவில்லை. ரெட்ஸ் 2021-இல் ஆஸ்திரேலிய அணிகள் மட்டும் ஆடிய சூப்பர் ரக்பி ஏயூ கோப்பையை வென்றபோது அந்த அணியின் இளைஞர்கள் பலர் அதில் தேறி வந்தவர்களே. ஆனால் ரசிகரில்லாத பயிற்சிப் போட்டியைச் செலவு செய்து நடத்த ஒரு பணக்கார அமைப்பு வேண்டும். தேசிய அமைப்பான ரக்பி ஆஸ்திரேலியா அப்படிப்பட்டது அல்ல.

2025-இல் மூன்றாவது முயற்சியாக, நான்கு சூப்பர் ரக்பி அணிகளையே கிளப் பருவம் முடிந்ததும் சில வாரங்கள் தங்களுக்குள் ஆடவைத்திருக்கிறார்கள். புதிய பெயர் இல்லை, புதிய சட்டை இல்லை, செலவும் குறைவு. இளம் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது நல்லது. கிளப்பில் மட்டும் ஆடும் பையன்கள் இதற்குள் எத்தனை பேர் நுழைய முடியும் என்பதை வைத்துத்தான் இதை மதிப்பிட வேண்டும். ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ளவர்களே அதில் சுழன்றுகொண்டிருந்தால் இதைப் பாலம் என்று அழைப்பது பொருந்தாது.

கே: ஷூட் ஷீல்டையே விரிவாக்கி நாடு தழுவிய போட்டியாக்கினால் என்ன? – வாசகர், பெர்த்

ப: பெர்த்தில் இருந்துகொண்டு நீங்களே இதைக் கேட்பது வியப்பாக இருக்கிறது. சிட்னியிலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வங்கி ஊழியரும் தச்சரும் மாணவரும் ஆடும் ஓர் அணியால் இரு வாரத்துக்கு ஒரு முறை அந்தப் பயணத்தைத் தாங்க முடியாது. ஷூட் ஷீல்டு தழைப்பதற்குக் காரணமே மேன்லிக்காரர் பக்கத்து வாரிங்காவை வெறுப்பதுதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் அந்த வெறுப்பைப் பயிரிட இயலாது. தவிர, சிட்னியின் போட்டி நாட்டின் போட்டியாகிவிட்டால் மற்ற மாநிலங்களின் கிளப்புகள் என்ன ஆகும்? 2006-இல் வெஸ்டர்ன் ஃபோர்ஸ் வந்த பிறகே உங்கள் மாநிலத்துச் சிறுவர்களுக்கு உள்ளூரிலேயே ஓர் உச்சம் தெரிந்தது. 2017-இல் அந்த அணியை சூப்பர் ரக்பியிலிருந்து நீக்கியபோது, ஆண்ட்ரூ ஃபாரஸ்ட் என்ற சுரங்கத் தொழிலதிபர் கைகொடுத்திராவிட்டால் அது 2020-இல் திரும்பியிருக்காது. 2024-இல் மெல்போர்ன் ரெபல்ஸுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. விக்டோரியா கிளப்புகளின் டூவர் ஷீல்டுக்கு மேலே இன்று ஆண்களுக்கு உள்ளூர்த் தொழில்முறை அணியே இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் தனி ஏணி, உச்சியில் மட்டும் சந்திப்பு என்பதே இந்த நிலப்பரப்புக்குப் பொருந்தும்.

கே: என் மகனுக்குப் பதினொரு வயது. மேற்குச் சிட்னியில் சிறுவர் கிளப் ஒன்றில் ஆடுகிறான். தனியார் பள்ளியில் சேர்க்காவிட்டால் ரக்பி யூனியனில் மேலே போக முடியாது என்று மற்ற பெற்றோர்கள் சொல்கிறார்கள். உண்மையா? – ஒரு தாய், டூங்காபி

ப: முழு உண்மை இல்லை அம்மா, ஆனால் வெறும் வதந்தியும் இல்லை. சிட்னி, பிரிஸ்பேன் இரு நகரங்களிலும் ஜிபிஎஸ் என்று தொகுக்கப்படும் பழைய பெரும்பள்ளிகளின் மைதானம், பயிற்சியாளர், உணவு, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் பல கிளப்புகளை மிஞ்சுபவை. தேர்வாளர்கள் முதலில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். நன்றாக ஆடும் சிறுவனுக்கு உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்வதும் நடக்கிறது. அப்படி அவன் போன பிறகு அவனை வளர்த்த சிறுவர் கிளப்பில் அந்த வயதுப் பிரிவுக்கு ஆள் பற்றாமல் அணியே கலைவதும் நடக்கிறது.

ஆனால் உங்கள் வீட்டுக்குச் சற்றுத் தூரத்திலேயே மறுசான்று இருக்கிறது. கிரான்வில் அரசு ஆண்கள் பள்ளியில் படித்து, 1879-இல் தொடங்கிய பாரமட்டா டூ புளூஸ் கிளப்பில் ஆடிய டடாஃபு பொலோட்டா-நாவ், 90 டெஸ்ட் ஆடினார். நியூசிலாந்திலிருந்து வந்து அதே கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த சார்லி கேம்பிளை வாராடாஸ் கண்டெடுத்தது. 2022-இல் அவர் வாலபீஸ் குழுவுக்கே அழைக்கப்பட்டார். கிளப்பின் முதல் தரத்தில் தொடர்ந்து ஆடினால் கவனிக்கப்படுவதற்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிலும் வாய்ப்பு உண்டு. பள்ளி வழியின் குறை அங்கேதான்: பதினேழு வயதில் உடல் முதிராத பையனை அது கழித்துவிடுகிறது, கிளப் அவனுக்காகக் காத்திருக்கிறது.

உங்கள் பகுதியில் இன்னொரு இழுப்பும் இருக்கும். யூனியன் என்பது இங்கே நாம் பேசிவரும் ரக்பி; அதிலிருந்து பிரிந்த தனி விளையாட்டான ரக்பி லீக்கின் கிளப்புகள் பதினைந்து, பதினாறு வயதிலேயே ஒப்பந்தத்தோடு வரும். இது புதிதல்ல. 1907-இல் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாத ஆட்டக்காரருக்கு யூனியன் ஈட்டுத்தொகை தர மறுத்ததிலிருந்துதான் லீக் சிட்னியில் பிறந்தது. 1908 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ரக்பி அணியிலிருந்தே பலர் அடுத்த ஆண்டு லீக்குக்குப் போனார்கள். மார்க் எல்லாவோடு 1977–78-இல் ஆஸ்திரேலியப் பள்ளிகள் அணியில் பயணம் செய்த வாலி லூயிஸ், லீக்கின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரானார். பதினொரு வயதில் எந்தக் கதவும் மூடப்படுவதில்லை. நல்ல பயிற்சியாளரும் அவனுடைய நண்பர்களும் இருக்கும் கிளப்பில் அவனை விட்டுவையுங்கள்.

கே: என் இரு பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் செலுத்துகிறேன். லீக்கிலிருந்து ஒரே ஆட்டக்காரரை லட்சக்கணக்கில் கொடுத்துக் கொண்டுவருகிறார்கள். என் பணம் அவருக்கா போகிறது? – வாசகர், பிரிஸ்பேன்

ப: நேரடியாகப் போவதில்லை. நீங்கள் குறிப்பிடுபவர் ஜோசப் சுவாலி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் டாலர் என்று ஊடகங்கள் எழுதின. 2024 நவம்பரில், சூப்பர் ரக்பியில் ஓர் ஆட்டமும் ஆடுமுன்பே, ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் வாலபீஸ் சட்டையில் இறங்கினார். ஆஸ்திரேலியா 42–37 என்று வென்றது. அவரும் அபாரமாக ஆடினார். ஆட்டத்தை வைத்து மட்டும் பார்த்தால் கொடுத்த காசு வீணில்லை.

உங்கள் கோபம் அதோடு தீராது என்பதும் எனக்குத் தெரியும். தேசிய அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி ஒளிபரப்பிலிருந்தும் டெஸ்ட் நுழைவுச்சீட்டிலிருந்தும் வருவது. அதைத் திரும்ப ஈட்டித் தருகிற அணிக்கே அது முதலில் செலவாகிறது. மீதி குறைந்தபோது கிளப்புகளுக்கான உதவித்தொகையை வெட்டினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் அடிமட்ட ஆட்டக்காரர்கள்மீது தேசியக் கட்டணமும் விதித்தார்கள். இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் புண் ஆறவில்லை. 2023-இல் உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே, ஃபிஜியிடமும் வேல்ஸிடமும் தோற்று வாலபீஸ் வெளியேறிய அதே ஆண்டில், அமைப்பு 8 கோடி டாலர் வரை கடன் வாங்கும் ஏற்பாட்டையும் செய்துகொண்டது. மேலே தோற்றால் கீழே பணம் வராது. கீழே பணம் வராவிட்டால் பத்தாண்டு கழித்து மேலே தோற்போம். இந்தச் சுழலில் எந்த முனையில் பணத்தைப் போடுவது என்பதில் நிர்வாகிகள் எப்போதும் மேல் முனையையே தேர்ந்தெடுத்துவந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களின் பதவிக்காலம் பத்தாண்டு இல்லை.

கே: பெண்கள் ரக்பியிலும் இதே பிளவு உண்டா? – வாசகி, மெல்போர்ன்

ப: குறைவு. பெண்களின் மேல்மட்டப் போட்டியான சூப்பர் டபிள்யூ 2018-இல்தான் தொடங்கியது. பருவம் சில வாரங்களே நீடிப்பதால், அதில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் கிளப்புக்குத் திரும்பி சிட்னியின் ஜாக் ஸ்காட் கப் போன்ற போட்டிகளில் ஆடுகிறார்கள். தேசிய அணி ஆட்டக்காரியை ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மைதானத்தில் காணும் வாய்ப்பு பெண் பிள்ளைகளுக்கு இன்னும் இருக்கிறது. முழுநேரச் சம்பளம் வரும்போது, வரவும் வேண்டும், இது காணாமல் போகாதபடி ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

கே: கிளப் ஆட்டத்துக்கும் மேல்மட்ட ஆட்டத்துக்கும் விதிகளே வேறாகிவிட்டதாகச் சொல்கிறார்களே? – வாசகர், சிங்கப்பூர்

ப: ஒரு விதி. தலைக்காயத்தைக் குறைப்பதற்காக, 2024 முதல் சோதனை முறையில், சூப்பர் ரக்பிக்குக் கீழே உள்ள ஆட்டங்களில் பந்து வைத்திருப்பவரை மார்பெலும்புக்கு மேலே பிடித்துத் தடுப்பது தவறு என்றார்கள். மேலே அது இன்னும் தோள்மட்டம்தான். மருத்துவக் காரணம் சரியானது. அதோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் கிளப்பிலிருந்து சூப்பர் ரக்பிக்குப் போகிறவர் தடுப்பாட்டத்தின் உயரத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதும், அங்கிருந்து ஒரு சனிக்கிழமைக்கு கிளப்புக்கு இறங்கி வருகிறவர் முதல் பத்து நிமிடத்தில் பெனால்டி கொடுப்பதும் இதன் விளைவுகள். மேலேயும் அதே கோட்டைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

கே: குறை சொல்வது எளிது. உங்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? – வாசகர், மதுரை

ப: புதிய போட்டி எதையும் தொடங்க மாட்டேன். வாராடாஸின் நிர்வாகத்தை 2024-இல் ரக்பி ஆஸ்திரேலியா தன் கையில் எடுத்துக்கொண்டது; இவ்வளவு அதிகாரம் மையத்தில் குவிந்திருப்பதால், முன்பு மாநிலங்கள் தடுத்த சிலவற்றை இப்போது ஒரே கையெழுத்தில் செய்யலாம்.

முதலாவது, சம்பளம் பெறும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு கிளப் உண்டு என்பது ஏட்டளவில் ஏற்கெனவே இருக்கிறது. அதை உடன்படிக்கையாக்குவேன்: வார ஆட்டத்துக்கான 23 பேரில் இடம்பெறாத, காயமில்லாத எவரும் அந்தச் சனிக்கிழமை தன் கிளப்பில் ஆட வேண்டும், பயிற்சியாளர் அவரை உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. பல அணிகள் இதைச் செய்கின்றன, ஆனால் பயிற்சியாளரின் மனநிலைக்கேற்ப.

இரண்டாவது, கால்பந்தில் ஆட்டக்காரர் விலைபோகும்போது, 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 விழுக்காடு பகிர்ந்து போகிறது. ரக்பியில் அப்படி விலை பேசுவது அரிது. ஆகவே முதல் தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில், அவருடைய சிறுவர் கிளப்புக்கும் முதல்தரக் கிளப்புக்கும் ஒரு நிலையான தொகை தானாகப் போய்ச் சேரும்படி செய்வேன். ஒரு டூங்காபிச் சிறுவன் மேலே போனால் அவன் ஆடிய மைதானத்துக்குப் புதிய விளக்குக் கம்பம் வரட்டும். பெரும்பள்ளிகளுக்கு இந்தத் தொகை தேவையில்லை; அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் போதும்.

மூன்றாவது, பயிற்சியாளர்கள். டுவையர், மக்குவீன் போல கிளப்பிலிருந்து படிப்படியாக ஏறியவர் இன்று குறைவு; ஓய்வுபெற்ற டெஸ்ட் ஆட்டக்காரர் நேராகச் சூப்பர் ரக்பியின் துணைப் பயிற்சியாளராகிவிடுகிறார். இரண்டு பருவமாவது ஷூட் ஷீல்டிலோ ஹாஸ்பிடல் கப்பிலோ ஓர் அணியை நடத்தியவருக்கே அந்த வேலை என்று வைப்பேன். தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு, செவ்வாய், வியாழன் மாலைகளில் வேலை முடிந்து வரும் முப்பது பேரைத் தயார் செய்தவருக்கு, நாள் முழுக்கக் கையில் இருக்கும் ஆட்டக்காரர்களைத் தயார் செய்வது கடினமாக இருக்காது.

கே: 2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. அதிலிருந்து கிளப்புகளுக்கு ஏதாவது கிடைக்குமா, அல்லது 2003-இன் கதைதானா? – வாசகர், கொழும்பு

ப: போட்டி 2027 அக்டோபர் 1-இல் தொடங்கி நவம்பர் 13-இல் முடிகிறது, 24 அணிகள், ஏழு நகரங்கள். பணத்தைப் பொறுத்தவரை, உபரியில் கிளப் மைதானங்களுக்கும் உடைமாற்றும் அறைகளுக்கும் எவ்வளவு என்பதைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். முடிந்த பிறகு பேசலாம் என்றால் 2003-இன் கதைதான். அந்தப் பணத்தின் பெரும்பகுதி எங்கே போயிற்று என்று சிட்னிக் கிளப் கூடத்தில் இன்றைக்குக் கேட்டாலும் உங்களுக்கு அரை மணி நேரப் பேச்சு நிச்சயம்.

பணத்தைவிட எளிதான ஒன்றும் உண்டு. உலகக் கோப்பை அக்டோபரில்தான் என்பதால், சூப்பர் ரக்பி முடிகிற ஜூனுக்கும் கிளப் இறுதியாட்டங்கள் நடக்கும் ஆகஸ்ட் கடைசிக்கும் நடுவே வாலபீஸ் குழுவினருக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்க முடியும். எல்லோரையும் ஒரே நாளில் தத்தம் கிளப்புக்கு அனுப்பி, ஆட விருப்பமுள்ளவரை நாற்பது நிமிடமாவது ஆடவிட்டு, காயத்துக்கு அஞ்சுபவரைச் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி தரவைத்து, அந்த ஆட்டங்கள் அனைத்தையும் அன்று மட்டும் கட்டணமின்றி ஒளிபரப்பலாம். அதற்குத் தேவையானது அட்டவணையில் ஒரு வரியும், அணியின் உடற்பயிற்சி நிபுணருடைய சம்மதமும். இரண்டாவதைப் பெறுவதுதான் கடினம்.